காயத்தின் அழைப்பும் வெள்ளையணுக்களின் வருகையும்



ஆரணி நகரில் பட்டுத்தறிகள் இயங்கும் தெருக்களுள் நுழைந்தால், வீட்டுக்கு வீடு தறியோசை நம்மை வரவேற்கும். குழித்தறியில் கால்களை இறக்கி அமர்ந்து, நாடாவை இடமும் வலமும் ஓட்டி, பட்டும் ஜரிகையுமாகச் சேலை நெய்து வாழ்வோர் பல தலைமுறைகளாக உள்ள ஊர் இது. அத்தகைய ஒரு நெசவாளியின் விரல் நுனியில், தறியின் கம்பியொன்றைச் சீர்செய்யும்போது சிறு கீறல் ஏற்படுகிறது என வைத்துக் கொள்வோம். ஒரு சொட்டு இரத்தம் வருகிறது. துடைத்துவிட்டு வேலையைத் தொடர்கிறார். மாலையில் அவ்விடம் சிவக்கிறது. தொட்டால் சூடாக இருக்கிறது. வீங்குகிறது. வலிக்கிறது. மறுநாள் நுனியில் கடுகளவு சீழ் தெரிகிறது. நான்கைந்து நாட்களில் எல்லாம் அடங்கித் தோல் மூடிக் கொள்கிறது.

நாம் இதைப் பொருட்படுத்துவதே இல்லை. ஆனால் சற்றே சிந்தித்துப் பாருங்கள்! அந்தக் கீறலின் வழியே பல்லாயிரம் நுண்கிருமிகள் உள்ளே நுழைந்தன. அவற்றை எதிர்க்கும் வெள்ளையணுக்களோ, அந்நேரம் உடலெங்கும் இரத்தக் குழாய்களுக்குள் ஓடிக் கொண்டிருந்தன. இரத்தக் குழாய் என்பது மூடிய குழாய். அதற்குள் ஓடும் அணுவுக்கு, வெளியே விரல் நுனியில் காயம் என்பதை யார் அறிவித்தார்? விரைந்து ஓடும் இரத்தத்தில் அது எப்படிச் சரியான இடத்தில் நின்றது? எந்தக் கதவைத் திறந்து வெளியே வந்தது?

இந்த மூன்று கேள்விகளுக்கும் மருத்துவ அறிவியல் தரும் விடை ஒன்றுதான்: 'ஏற்பிகள்'. செல்களின் மேற்பரப்பில் அமைந்திருக்கும் புரத மூலக்கூறுகள் இவை. செய்தியைக் கேட்கும் செவியாகவும், பற்றிக் கொள்ளும் கையாகவும் இவையே விளங்குகின்றன. இவற்றில் ஒன்று பழுதானாலும், கோடிக்கணக்கான வெள்ளையணுக்கள் இருந்தும் ஒரு குழந்தையின் உயிரைக் காக்க இயலாமல் போகும். ஒவ்வொரு குடும்பமும் இதனை அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

அறிஞர்கள் கண்ட வழி

சிவப்பு, வீக்கம், சூடு, வலி ஆகிய நான்கையும் அழற்சியின் அடையாளங்கள் என்று முதல் நூற்றாண்டிலேயே ரோம் நாட்டு எழுத்தாளர் செல்சஸ் குறித்து வைத்தார். பதினோராம் நூற்றாண்டில் இப்னு ஸீனா தமது 'அல்கானூன்' நூலில் வீக்கங்களை வகை பிரித்து விரிவாக எழுதினார். அந்நூலின் உடற்கூற்றுப் பகுதிக்கு உரை எழுதிய இப்னுன் நஃபீஸ், இதயத்தின் வலப்புறத்திலிருந்து இரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்புறம் சேர்கிறது என்பதைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எடுத்துரைத்தார். இரத்தம் உடலெங்கும் சுற்றி வருகிறது என்பதை 1628இல் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி நிறுவினார்.

ஆயினும் குழாய்க்குள் ஓடும் வெள்ளையணு எவ்வாறு வெளியே வருகிறது என்பது நெடுநாள் விளங்காமலே இருந்தது. 1867இல் ஜெர்மானிய மருத்துவ அறிஞர் யூலியஸ் கோன்ஹைம், தவளையின் உடலிலுள்ள மெல்லிய சவ்வை உருப்பெருக்கியின் கீழ் வைத்து மணிக்கணக்கில் கவனித்தார். அழற்சி தொடங்கியதும் வெள்ளையணுக்கள் குழாயின் ஓரத்திற்கு ஒதுங்கின. சுவரோடு ஒட்டி நின்றன. பின்னர் மெல்ல மெல்லச் சுவரினூடே நுழைந்து வெளியே வந்தன. இந்தக் காட்சியை அவர் விரிவாக எழுதி வைத்தார்.

1882இல் ரஷ்ய அறிஞர் மெச்னிகாஃப், இத்தாலியின் மெஸ்ஸினா நகரில், கண்ணாடி போன்ற உடலுடைய நட்சத்திர மீன் குஞ்சின் மீது ஒரு முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலை பார்த்தபோது, அந்த முள்ளைச் சுற்றி அணுக்கள் திரண்டிருந்தன. கிருமிகளை விழுங்கும் அணுக்களைப் பற்றிய ஆய்வுக்காக 1908இல் பால் எர்லிக்கோடு சேர்ந்து அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

முள் மட்டுமல்ல, ஆரணித் தறியில் ஓடும் அதே பட்டிழையும் உடலுக்கு அந்நியப் பொருளே. அறுவை மருத்துவர்கள் பட்டு நூலால் தையலிடுவதுண்டு. நைலான் போன்ற செயற்கை இழைகளைவிடப் பட்டைச் சுற்றி அதிக வெள்ளையணுக்கள் திரள்கின்றன. ஆகவேதான் தையலுக்குரிய பட்டின் பசையை முழுதாக நீக்கி, அதன்மீது மெழுகு போன்ற பூச்சு இடுகிறார்கள். உடல் தன்னுடையது எது, அந்நியமானது எது என்பதை அந்த அளவுக்குக் கூர்ந்து கவனிக்கிறது!

முதலில் விழித்தெழும் காவலர்கள்

வெள்ளையணுக்கள் அனைத்தும் இரத்தத்திலேயே ஓடிக் கொண்டிருப்பதில்லை. அவற்றுள் சில, தோலுக்கு அடியிலும் நுரையீரலிலும் குடலிலும் நிரந்தரமாகக் குடியிருந்து காவல் காக்கின்றன. 'மேக்ரோஃபேஜ்' எனப்படும் பெருவிழுங்கி அணுக்கள் இத்தகையவை. இவற்றின் மேற்பரப்பில் 'டோல் போன்ற ஏற்பிகள்' உள்ளன. கிருமிகளிடம் மட்டுமே காணப்படும் சில பொருட்களை இவை அடையாளம் காணும். சான்றாக, ஒரு வகைப் பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் உள்ள கொழுப்புச் சர்க்கரைப் பொருளை, இவ்வேற்பிகளுள் நான்காம் எண்ணுடையது உடனே கண்டுகொள்ளும்.

பழ ஈக்களில் இதே குடும்பத்தைச் சேர்ந்த 'டோல்' ஏற்பியின் பங்கை 1996இல் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழுவினரும், எலிகளில் நான்காம் ஏற்பியின் பங்கை 1998இல் புரூஸ் பாய்ட்லர் குழுவினரும் வெளிப்படுத்தினர். 2011இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் இவ்விருவரும் அடங்குவர்.

கிருமியைக் கண்டுகொண்ட காவல் அணு சும்மா இருப்பதில்லை. சுற்றுப்புறம் முழுவதற்கும் செய்தி அனுப்புகிறது. அச்செய்திகள் சில வேதிப் பொருட்களே. ஹிஸ்டமின் போன்றவை அருகிலுள்ள சிறு குழாய்களை விரிவடையச் செய்கின்றன. அதனால் இரத்தம் மிகுதியாக வந்து சிவப்பும் சூடும் தோன்றுகின்றன. குழாய்ச் சுவர் சற்றே நெகிழ்ந்து நீர் கசிவதால் வீக்கம் உண்டாகிறது. வேறு சில பொருட்கள் நரம்பு முனைகளைத் தூண்டுவதால் வலி பிறக்கிறது. ஆக, நம்மைத் துன்புறுத்தும் அந்த நான்கு அடையாளங்களும் உண்மையில் படை வருவதற்கான முன்னேற்பாடுகளே!

ஓடும் வெள்ளத்தில் நிற்பது எப்படி?

முதலில் வந்து சேரும் படை 'நியூட்ரோபில்' எனப்படும் வெள்ளையணுக்கள். நம் எலும்பு மஜ்ஜை நாள்தோறும் ஏறத்தாழ 10,000 கோடி நியூட்ரோபில்களை உருவாக்குகிறது. ஆரோக்கியமான பெரியவர் ஒருவரின் இரத்தத்தில் ஒரு கன மில்லிமீட்டருக்கு 4,000 முதல் 11,000 வரை வெள்ளையணுக்கள் இருக்கும். அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை பெரும்பாலும் நியூட்ரோபில்களே.

ஆனால் ஓடும் இரத்தத்தில் அவை நிற்க வேண்டுமே! கமண்டல நாக நதியில் வெள்ளம் வரும்போது ஒருவர் அதில் அடித்துச் செல்லப்படுவதாக எண்ணிக் கொள்ளுங்கள். அவர் நடு வெள்ளத்தில் நிற்க முடியாது. முதலில் கரையோரத்திற்கு ஒதுங்க வேண்டும். அங்கே கைக்கு எட்டும் நாணலைப் பற்றுவார். அது அறுந்துவிடும். அடுத்த நாணலைப் பற்றுவார். அதுவும் அறுந்துவிடும். ஆயினும் ஒவ்வொரு பிடியும் அவரது வேகத்தைக் குறைக்கும். வேகம் குறைந்த நிலையில் உறுதியான ஒரு மரவேர் கைக்குக் கிட்டினால், அதைப் பற்றி நின்றுவிடுவார். பின்னர் மெல்லக் கரையேறுவார். வெள்ளையணுவும் இதையேதான் செய்கிறது.

நாணல் போன்றவை 'செலெக்டின்' எனப்படும் ஏற்பிகள். குழாயின் உட்சுவரை அமைக்கும் செல்கள், செலெக்டினில் ஒரு வகையை ஏற்கெனவே செய்து சிறு பைகளுக்குள் சேமித்து வைத்திருக்கின்றன. காவல் அணுவின் செய்தி கிடைத்த சில நிமிடங்களிலேயே அதை வெளிப்பரப்புக்குக் கொண்டு வருகின்றன. இன்னொரு வகையை ஓரிரு மணி நேரத்தில் புதிதாகத் தயாரிக்கின்றன. நியூட்ரோபிலின் மேற்பரப்பிலோ, இந்தச் செலெக்டின்கள் பற்றிக் கொள்வதற்கான சர்க்கரைத் தொடர்கள் இருக்கின்றன. இரண்டும் சேரும், உடனே பிரியும், மீண்டும் சேரும். இவ்வாறு விரைந்து ஓடிய அணு, சுவரை ஒட்டி மெல்ல உருளத் தொடங்குகிறது.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. செலெக்டின் வெளிப்படுவது காயத்தின் அருகிலுள்ள குழாயில்தான். காலில் உள்ள குழாய்க்குக் கையில் காயம் என்ற செய்தி போவதில்லை. ஆகவே படை வேறெங்கும் நில்லாமல், தேவைப்பட்ட இடத்திலேயே வேகம் குறைகிறது.

மடங்கியிருந்த கை நீள்கிறது

உருண்டு வரும் அணு அடுத்த செய்தியைக் கேட்கிறது. காயம்பட்ட இடத்திலிருந்து வரும் 'கெமோக்கைன்' எனப்படும் செய்திப் பொருட்கள் குழாயின் உட்சுவரில் ஒட்டிக் கொண்டிருக்கும். அவற்றைக் கேட்பதற்கு நியூட்ரோபிலிடம் தனி ஏற்பிகள் உண்டு. ஒரே புரத இழை செல்லின் சவ்வை ஏழு முறை ஊடுருவி, உள்ளும் புறமுமாக ஊடை போல் சென்று வரும் அமைப்புடையவை அவை. வெளிப்புறத்தில் செய்திப் பொருள் வந்து பொருந்தியதும், உட்புறத்தில் அதன் வடிவம் மாறுகிறது. செய்தி செல்லுக்குள் பரவுகிறது.

அந்தச் செய்தியின் பயன் யாது? நியூட்ரோபிலின் மேற்பரப்பில் 'இன்டெக்ரின்' எனப்படும் மற்றோர் ஏற்பி உண்டு. இதுவே மரவேரைப் பற்றும் கை. சாதாரண நேரத்தில் இந்தக் கை முழங்கையில் மடங்கிய நிலையில் இருக்கும். எதையும் உறுதியாகப் பற்றாது. இல்லையேல் வெள்ளையணுக்கள் ஆங்காங்கே ஒட்டிக் கொண்டு குழாய்களை அடைத்துவிடும் அல்லவா? கெமோக்கைன் செய்தி கிடைத்ததும், ஒரு வினாடிக்கும் குறைவான நேரத்தில் அந்தக் கை நிமிர்கிறது, விரல்கள் விரிகின்றன. குழாய்ச் சுவரில் தயாராக இருக்கும் துணை மூலக்கூற்றை இறுகப் பற்றிக் கொள்கின்றன. உருண்ட அணு நின்றுவிடுகிறது.

நின்ற அணு தட்டையாகிச் சுவரின் மீது ஊர்ந்து, இரு செல்களுக்கு இடையிலுள்ள பொருத்துவாயைத் தேடுகிறது. அங்கும் இரு பக்கத்து மூலக்கூறுகள் ஒன்றையொன்று அடையாளம் கண்டு வழி விடுகின்றன. தன் உடலை நெளித்து அணு வெளியேறுகிறது. வழி மீண்டும் மூடிக் கொள்கிறது.

வெளியே வந்தபின் கிருமி எங்கே இருக்கிறது என்பதை எப்படி அறியும்? பாக்டீரியா செய்யும் புரதங்களின் தொடக்கத்தில் ஒரு தனி அடையாளம் இருக்கும். அந்த அடையாளமுள்ள துணுக்குகளை உணரும் ஏற்பியும் நியூட்ரோபிலிடம் உண்டு. எத்திசையில் அத்துணுக்கு மிகுதியோ அத்திசையில் அது நகரும். கிருமியை அடைந்ததும் விழுங்கி அழிக்கும். அப்பணியில் தானும் மடியும். சீழ் என்று நாம் அருவருக்கும் பொருள், பெரும்பாலும் நமக்காக மடிந்த இந்த நியூட்ரோபில்களே! ஓரிரு நாட்களில் பின்தொடர்ந்து வரும் விழுங்கி அணுக்கள் அவற்றை அகற்றிப் புண் ஆற வழி செய்கின்றன.

கையில்லாத படை

மேலே சொன்ன ஒவ்வொரு படியும் எவ்வளவு இன்றியமையாதது என்பதை உலகுக்கு உணர்த்தியவர்கள், அந்தப் படியில்லாமல் பிறந்த குழந்தைகளே.

1979இல் ஒரு புதுமையான நோய் மருத்துவ உலகின் கவனத்திற்கு வந்தது. சில குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி வாரக்கணக்கில் உதிராமல் இருந்தது. தொப்புளைச் சுற்றிச் சிவந்து அழுகியது. தோலிலும் வாயிலும் நுரையீரலிலும் மீண்டும் மீண்டும் கிருமித்தொற்று ஏற்பட்டது. வியப்பு என்னவெனில், புண்களில் சீழே பிடிக்கவில்லை. இரத்தத்தைச் சோதித்தால் வெள்ளையணுக்கள் குறைவாக இல்லை. மாறாக மிக மிக அதிகமாக இருந்தன. இத்தகைய குழந்தைகளிடம் 20,000க்கு மேல் இருப்பது வழக்கம். தொற்று ஏற்படும்போது அது 50,000, சில வேளை 1,00,000 என்றும் உயரும். இரத்தப் புற்றுநோயோ என்று மருத்துவர்கள் ஐயுறும் அளவு!

பின்வந்த ஆய்வுகள் உண்மையை வெளிப்படுத்தின. அக்குழந்தைகளின் வெள்ளையணுக்களில் இன்டெக்ரின் என்னும் கை உருவாகவே இல்லை. அக்கையின் ஒரு பாதியான 'சிடி 18' என்ற புரதத்தை உருவாக்கும் மரபணு, 21ஆம் குரோமோசோமில் உள்ளது. அது பழுதாகியிருந்தது. அணுக்கள் சுவரோரம் உருண்டன. ஆனால் பற்றி நிற்க முடியவில்லை. காயம் அழைத்துக் கொண்டே இருந்தது. மஜ்ஜை மேலும் மேலும் படை அனுப்பிக் கொண்டே இருந்தது. படையோ வெள்ளத்து நுரைபோல் அந்த இடத்தைக் கடந்து ஓடிக் கொண்டே இருந்தது.

தொப்புள்கொடி உதிர்வதும் வெள்ளையணுக்களின் பணியே. அவை கொடியின் அடியில் திரண்டு, அவ்விடத்தைக் கரைத்துப் பிரிப்பதால்தான் கொடி ஒன்றிரண்டு வாரங்களில் விழுகிறது. அவை வராதபோது கொடியும் விழுவதில்லை.

'வெள்ளையணு ஒட்டுக் குறைபாடு' என்று இந்நோயைக் கூறலாம். இதில் மூன்று வகைகள் அறியப்பட்டுள்ளன. முதல் வகையில் கையே இல்லை. மூன்றாம் வகையில் கை இருக்கிறது. ஆனால் செய்தி வந்தும் அது நிமிர்வதில்லை. இரண்டாம் வகையில் நாணலைப் பற்றும் முதல் படியே தவறிவிடுகிறது. அந்த இரண்டாம் வகைக்கும் நம் நாட்டின் மருத்துவ வரலாற்றுக்கும் ஒரு தொடர்பு உண்டு.

1952இல் மும்பையில் மருத்துவர் ஒய்.எம். பெண்டே குழுவினர், அதுவரை அறியப்படாத ஓர் அரிய இரத்தப் பிரிவைக் கண்டறிந்தனர். 'பம்பாய் இரத்தப் பிரிவு' என்று அது இன்றும் அழைக்கப்படுகிறது. சிவப்பணுவின் மீது 'ஃபியூகோஸ்' என்ற சர்க்கரையைப் பொருத்தும் பணி நடைபெறாததே அதன் காரணம். 1992இல், இரத்த உறவில் மணம் முடித்த அரபுப் பெற்றோருக்குப் பிறந்த இரு குழந்தைகளிடம் இந்த இரண்டாம் வகை நோய் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. அவர்களின் இரத்தமும் பம்பாய்ப் பிரிவாகவே இருந்தது. காரணம், அவர்களது உடலில் ஃபியூகோஸ் எங்குமே சரிவரப் பொருத்தப்படவில்லை. செலெக்டின் பற்றிக் கொள்ளும் சர்க்கரைத் தொடருக்கும் அதே ஃபியூகோஸ் தேவை. சாதாரணப் பம்பாய்ப் பிரிவினருக்கு இந்நோய் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவர்களது குறை இரத்தப் பிரிவோடு நின்றுவிடுகிறது. அவர்கள் நலமாக வாழ்கின்றனர்.

அளவு மீறினாலும் ஆபத்து

வெள்ளையணுக்கள் வராமல் போவது எப்படித் தீங்கோ, அப்படியே காரணமின்றி வந்து குவிவதும் தீங்கே. முடக்குவாதத்தில் மூட்டுகளிலும், வேறு சில நோய்களில் குடலிலும் மூளையிலும் தோலிலும் அவை திரண்டு நம் உடலையே தாக்குகின்றன. ஆகவே இந்தக் கையைத் தடுக்கும் மருந்துகளை அறிஞர்கள் உருவாக்கினர். அவற்றுள் ஒன்று எஃபாலிசுமாப். சோரியாசிஸ் என்னும் தோல் நோய்க்கு 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இம்மருந்து, நியூட்ரோபில் உள்ளிட்ட வெள்ளையணுக்களின் இன்டெக்ரின் ஒன்றை மூடி வைத்தது. தோல் நோய் தணிந்தது. ஆனால் சிலருக்கு மூளையில் கொடிய வைரஸ் தொற்று ஏற்பட்டது. 2009இல் அது விற்பனையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. கதவை அடைத்தால் கலகக்காரன் மட்டுமல்ல, காவலனும் உள்ளே வர முடியாது என்பதே இது தந்த பாடம்.

இது எங்கோ நடந்த செய்தி என்று எண்ணிவிடலாகாது. மூட்டு வலிக்கும் மூச்சிரைப்புக்கும் மருத்துவர் எழுதித் தந்த ஸ்டீராய்டு மாத்திரையை, பின்னர் அவரைக் கேளாமலே மாதக்கணக்கில் வாங்கி விழுங்குவோர் நம்மிடையே உண்டு. ஸ்டீராய்டு, சுவரைப் பற்றியிருக்கும் வெள்ளையணுக்களைப் பிடி விடச் செய்து இரத்த ஓட்டத்தில் கலக்கிறது. சோதனையில் எண்ணிக்கை கூடுதலாகத் தெரியும். ஆனால் காயத்துக்கு வந்து சேர்வது குறைவு. சிவப்பும் வீக்கமும் மறைந்து, உள்ளே தொற்று வளர்ந்து கொண்டிருக்கும். அதற்காக, மருத்துவர் தந்த மாத்திரையைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்தே. தொடங்குவதும் குறைப்பதும் அவர் சொற்படியே நடக்க வேண்டும். அவ்வாறே சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களின் நியூட்ரோபில்களும் சரியாக நகர்வதில்லை. கால் புண் ஆறாமைக்கு அதுவும் ஒரு காரணம்.

குடும்பங்கள் செய்ய வேண்டியவை

முதலாவது, பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியைத் தூய்மையாகவும் உலர்வாகவும் வைத்திருங்கள். சாம்பல், மஞ்சள், எண்ணெய் எதுவும் இட வேண்டாம். மூன்று வாரங்களுக்கு மேலாகியும் கொடி விழவில்லையெனில் மருத்துவரிடம் காட்டுங்கள். தாமதமாக உதிரும் கொடிகளில் பெரும்பாலானவை எந்த நோயும் இல்லாதவையே; அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அதோடு சிவப்பும் அழுகலும் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் ஒரு நாளும் காத்திருக்கலாகாது.

இரண்டாவது, குழந்தைக்கு மீண்டும் மீண்டும் தொற்று வருகிறது, புண்ணில் சீழ் இல்லை, வெள்ளையணு எண்ணிக்கை தொடர்ந்து மிக அதிகம் என்ற மூன்றும் சேர்ந்தால், இக்குறைபாடு இருக்குமோ என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். குடும்பத்தில் முன்பு ஒரு குழந்தை இளம் வயதில் தொற்றால் இறந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். 'ஃப்ளோ சைட்டோமெட்ரி' என்ற இரத்தச் சோதனை, வெள்ளையணுவில் அந்தக் கை இருக்கிறதா என்பதை நேரடியாகவே காட்டிவிடும். மும்பையிலுள்ள தேசிய நோயெதிர்ப்பு இரத்தவியல் நிறுவனம் இந்தியக் குழந்தைகளிடம் இந்நோயை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறது.

மூன்றாவது, உறவுத் திருமணம் பற்றியது. இந்நோய் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வருவதன்று. இருவரும் பழுதான மரபணுவின் ஒரு பிரதியைச் சுமந்திருக்க வேண்டும். அவர்கள் நலமாகவே இருப்பார்கள். தமக்குள் இருப்பதை அறியவும் மாட்டார்கள். அத்தகைய தம்பதிக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. நெருங்கிய உறவினர் ஒரே முன்னோரிடமிருந்து ஒரே மரபணுவைப் பெற்றிருக்கக்கூடும் என்பதால், அவர்களிடையே இவ்வாய்ப்பு கூடுகிறது. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் எல்லாச் சமயத்தவரையும் சேர்த்து நான்கில் ஒன்றுக்கும் அதிகமான திருமணங்கள் இரத்த உறவினரிடையே நடந்தவை. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் நடந்து 2013இல் வெளியான பெரும் ஆய்வில், பிறவிக் குறைபாட்டின் வாய்ப்பு பொதுவாக நூற்றுக்கு 3 என்றும், முதல்நிலை உறவில் மணந்த பெற்றோரிடம் நூற்றுக்கு 6 என்றும் தெரிய வந்தது.

இந்தக் கணக்கை நேர்மையாகவே பார்க்க வேண்டும். அத்தகைய தம்பதிகளிடமும் நூற்றில் 94 குழந்தைகள் இக்குறைகள் இன்றியே பிறந்தன. ஆகவே உறவில் மணந்தவர்களைப் பழிப்பது அறியாமை. சகோதரியின் மகளை மணப்பது மார்க்கத்தில் தடுக்கப்பட்டுள்ளது. மாமன் மகளையும் அத்தை மகளையும் மணப்பது அனுமதிக்கப்பட்டது, ஆனால் கடமையாக்கப்பட்டதன்று. ஒரு குடும்பத்தில் ஏற்கெனவே இத்தகைய நோய் தென்பட்டிருந்தால், சொத்து பிரியக் கூடாது, உறவு விட்டுப் போகக் கூடாது என்பதற்காக மீண்டும் அதே குடும்பத்திற்குள் மணம் பேசுவதற்கு முன், மரபியல் ஆலோசனை பெறுவது அறிவுடைமை. குழந்தை இறந்ததற்குத் தாயின் மீது பழி சுமத்தும் வழக்கமும் ஒழிய வேண்டும். மரபணு இருவரிடமிருந்தும் வந்ததே!

மருந்து உண்டா?

உண்டு. கடும் வகையில் பிறந்த குழந்தைகள் தகுந்த சிகிச்சையின்றிப் பெரும்பாலும் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. ஆனால் மற்றொருவரின் ஆரோக்கியமான மஜ்ஜையை உரிய காலத்தில் செலுத்தினால், அதிலிருந்து கையுள்ள வெள்ளையணுக்கள் பிறக்கும், நோய் நீங்கிவிடும். உடன்பிறந்த ஒருவரின் மஜ்ஜை முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. பொருந்தாவிடில் வேறு கொடையாளரைத் தேடலாம். பெற்றோரின் பாதிப் பொருத்தமுள்ள மஜ்ஜையைக் கொண்டும் இன்று சிகிச்சை செய்கின்றனர்.

ஆரணியிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் உள்ளது வேலூர். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1986 முதலே மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடைபெற்று வருகிறது. சென்னையிலும் நோயெதிர்ப்புக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு இச்சிகிச்சை அளிக்கப்படுகிறது. குழந்தையின் சொந்த மஜ்ஜைச் செல்களை எடுத்து, பழுதில்லாத மரபணுவைப் புகுத்தித் திருப்பிச் செலுத்தும் முறையும் வெளிநாடுகளில் சோதிக்கப்பட்டுள்ளது. அவ்வாறு சிகிச்சை பெற்ற 9 குழந்தைகளும் உயிருடன் இருப்பதாக 2025இல் ஆய்வறிக்கை வெளியானது. ஆனால் எந்தச் சிகிச்சையும் நோயை முதலில் அடையாளம் கண்டால்தான் பயன் தரும். ஒரு தாய், 'என் குழந்தையின் தொப்புள்கொடி இன்னும் விழவில்லையே' என்று உரிய நேரத்தில் சொல்லும் ஒரு சொல், அக்குழந்தையின் உயிரைக் காக்கக்கூடும்.

அன்பிற்குரியவர்களே! விரல் நுனியில் சிறு கீறல் சிவந்து வீங்கும்போது இனி சற்று நினைத்துப் பாருங்கள். அங்கே அழைப்பு விடுக்கப்பட்டது, அது கேட்கப்பட்டது. ஓடிக் கொண்டிருந்தவை நின்றன, பற்றின, கடந்து வந்தன, நமக்காக மடிந்தன. இரத்தத்தில் ஒரு லட்சம் அணுக்கள் இருந்தும், அழைத்த இடத்தில் நிற்க ஒரு கை இல்லாததால் உயிரிழந்த குழந்தைகள் உண்டு. எண்ணிக்கை மட்டும் பலமாகாது. தேவைப்படும் இடத்தில் நிற்பதே பலம். இது அணுக்களுக்கு மட்டுமா பொருந்தும்?

நம் இல்லங்களில் பிறக்கும் ஒவ்வொரு மழலையையும் வல்ல இறைவன் நலமுடன் வாழச் செய்வானாக! அவர்களைக் காக்கும் அறிவையும் பொறுப்பையும் நமக்கு அருள்வானாக!